வாத்துக் கொழுப்பும் ஐந்தாவது ஆட்டக்காரியும்

சனிக்கிழமைச் சந்தையில் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். மாய்லிஸ் தராக் கால் ஊன்றுவாள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை லேசாக மடக்கி, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு சீஸ் கடைக்கு முன்னால் அவள் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூடைகூட உள்ளே வர முடியாது. அவள் முதுகுக்குப் பின்னால் உண்டாகும் சந்தில் மருந்துக்கடை மேடம் கஸ்தேத் நுழைந்து, முதல் ஆளாக வாங்கிக்கொண்டு வெளியே வருவார். "இடது பக்கம் காலி! போ, போ, போ!" என்று மாய்லிஸ் தலையைத் திருப்பாமலே சொல்வாள். மேடம் கஸ்தேத்துக்கு ஒரு அவசரமும் கிடையாது. இந்த உதவியை அவர் கேட்டதும் கிடையாது.

ஐம்பத்து மூன்று வயது. உயரம் ஒரு மீட்டர் எண்பத்தொன்பது. லார்போஸ் என்கிற அந்தச் சின்ன பிரெஞ்சு ஊரில் எல்லா வீட்டு வாசல் நிலைகளும் அவள் நெற்றிக்குப் பழக்கமானவை. பதினான்கு வருஷம் நகரத்து அணிகளில் கூடைப்பந்து ஆடிவிட்டு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பியவள். ஆடினாள் என்றால் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தாள், போட்டாள், கைதட்டல் வாங்கினாள் என்று நினைத்துவிடக் கூடாது. பந்தோடு ஓடுகிற தோழிக்கு வழி கிடைக்க வேண்டும். அதற்காக, துரத்தி வருகிறவளின் பாதையில் போய்த் தூண் மாதிரி நிற்க வேண்டும். துரத்தி வருகிறவள் முழு வேகத்தில் வந்து மோதுவாள். மாய்லிஸின் பிழைப்பு அதுதான். மோதுவதற்கு ஆள் வேண்டும் என்று மூன்று ஊர்க்காரர்கள் அவளை மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டார்கள்.

அவள் கணவன் கிராசியான் அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒரு நீல ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். நாற்பத்தாறு படங்கள். ஒவ்வொன்றிலும் வேறு யாரோ ஒருத்தி அழகாக எம்பிக் கூடையில் பந்தைப் போட்டுக்கொண்டிருப்பாள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது மாய்லிஸ். முப்பத்தோராம் படத்தில் முழங்கையோடு காதும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் கிராசியான் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுவான்.

பிரான்ஸ் அணிக்கு அவளைப் பதினொரு தடவை கூப்பிட்டார்கள், நான்கு தடவை களத்தில் இறக்கினார்கள். கூட்டினால் பத்தொன்பது நிமிஷம் வரும். அதற்குள் ஒன்பது ஃபவுல். "நிமிஷத்துக்கு அரை ஃபவுல்னு வெச்சுக்கோ. வேற யாரு செஞ்சிருக்கா, சொல்லு பாப்போம்?" என்று அவள் கேட்பாள். கேட்கிற தோரணையைப் பார்த்தால் பதக்கம் வாங்கினவர்கள்கூட கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சின்னக் கார். பக்கத்து இருக்கையைப் பின்னால் தள்ளக்கூடிய மட்டும் தள்ளியும், அவளுடைய வலது முழங்கால் கதவிலும் இடது முழங்கால் கியரிலும்தான் இருக்கும். மூன்றாவது கியரைத் தேடிய எத்தனையோ பேர் அந்த முழங்காலைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதற்கும், ரவுண்டானாவுக்குள் நுழைவதற்கும், நெடுஞ்சாலையில் சேர்வதற்கும் அவளிடம் ஒரே பாடம்தான் உண்டு: "கண்ணு தூரத்துல, இடுப்பு தாழ்வா!" காருக்குள் உட்கார்ந்திருப்பவன் இடுப்பை எங்கே தாழ்த்துவது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் 'நிறுத்து' பலகை வந்தால் மட்டும் அவள் குரல் மாறிவிடும். "நிறுத்துன்னா நிறுத்தணும். மெதுவா உருட்டிட்டுப் போறது நிறுத்தறது இல்ல. இது சின்ன ரூல், அது பெரிய ரூல்னு ஒண்ணும் கிடையாது, கண்ணு. ரூல்னா ரூல்." நூற்றுக்கணக்கான ஃபவுல் செய்த வாயிலிருந்து இப்படி ஒரு உபதேசம்.

கிராசியான் அவள் தோளுக்குக் கொஞ்சம் கீழே வருவான். அவனை அவள் சம்பாதித்ததும் ஆட்டத்தில்தான். அவள் ஆடிய கடைசி வருஷம், கோட்டுக்கு வெளியே போன ஒரு பந்தை விடமாட்டேன் என்று பாய்ந்தவள், முதல் வரிசையில் கையில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவன் மேல் போய் விழுந்தாள். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, அந்தப் பந்து கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது என்று நிரூபிக்கப் பார்த்தாள். அவன் ஒப்புக்கொண்டான். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். அதற்குள்ளேயே அவளுடைய இடது மோதிர விரல் இரண்டு தடவை முறிந்து ஒட்டியிருந்ததால், மேயர் எதிரில் சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் மோதிரத்தை ஏற்ற முடிந்தது. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் மூட்டு வீங்கி வாதுமைக் கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஏறிய மோதிரம் ஏறியதுதான்.

முழங்காலும் போய்விட்டது. வலதில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று போன மாதம் டாக்டர் படம் பிடித்துக் காட்டினார். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி செயற்கை மூட்டு வைக்க நாள் குறித்தாகிவிட்டது. "அதுக்கப்புறம் நீச்சல் அடிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம்" என்றார். "கூடைப்பந்து?" என்று கேட்டாள். டாக்டர் நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

இவ்வளவும் சொன்னால்தான் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்தது விளங்கும்.

லார்போஸ் பெண்கள் அணிக்கு அந்த வருஷம் நேரம் சரியில்லை. போன கோடைத் திருவிழா கொஞ்சம் அளவுக்கு மீறிச் சந்தோஷமாகப் போய்விட்டதில், எட்டு ஆட்டக்காரிகளில் மூன்று பேர் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தார்கள். மிச்சம் ஐந்து. ஆட்டம் தொடங்க ஐந்து பேர் களத்தில் நிற்க வேண்டும். அக்டோபரில் ஒருத்திக்குக் காய்ச்சல், நவம்பர் தொடக்கத்தில் இன்னொருத்திக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு தடவை ஆள் சேராமல் ஆட்டமே இல்லாமல் தோற்றார்கள். மூன்றாம் தடவையும் அப்படி நடந்தால் கூடைப்பந்துச் சங்கம் அணியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடும். தேவாலயத்துக்குப் பின்னால் மண் தரையில் ஆடிய நாளிலிருந்து லார்போஸுக்குப் பெண்கள் அணி இல்லாத வருஷமே கிடையாது. அன்று எதிரே வந்திருப்பதோ ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புஜாக். அவர்கள் கையால் அணி சாவதைவிடப் பெரிய அவமானம் வேறு கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேரில் ஒருத்தி வாத்துக் கொட்டகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டம் மூன்றரைக்கு. மூன்று மணிக்குக் கிராசியான் வழக்கம்போல அரங்கத்தின் மூலையில், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ரொட்டிக்குள் வைக்கப் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தான். மாய்லிஸ் வழக்கம்போல மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, இன்னும் தொடங்காத ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். புஜாக் ஆட்டக்காரிகள் பத்துப் பேர் வரிசையாக ஓடிப் பந்து போட்டுப் பழகினார்கள். இந்தப் பக்கம் நான்கு பேர்.

"என்ன, நாலு பேர்தானா?" என்று புஜாக்கிலிருந்து வந்த ஒருத்தி உரக்கக் கேட்டாள். "எங்க ஊர் வாத்து ஒண்ணை வேணா கடனா அனுப்பட்டுமா?"

"உங்க ஊர் வாத்துக்குப் பந்துன்னா என்னன்னு தெரியுமா? அது உங்க ஆட்டக்காரிங்களைப் பாத்துத்தானே வளந்திருக்கும்!" என்றாள் மாய்லிஸ்.

லார்போஸின் கேப்டன் லொரின் ரொட்டிக்கடைக்காரி. வியர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்து மாய்லிஸ் முன்னால் நின்றாள்.

"அக்கா, உங்க லைசென்ஸ் இன்னும் இருக்குதானே?"

ஆட்டக்காரிகளுக்கான சங்கத்து லைசென்ஸ் அது. ஒவ்வொரு செப்டம்பரும் மாய்லிஸ் அதைப் புதுப்பித்துக்கொள்வாள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஊர் டாக்டரும், "கையெழுத்துதான் போடறேன், ஓடச் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே சான்றிதழ் தந்துவிடுவார்.

"பையில இருக்கு" என்றாள் மாய்லிஸ்.

"சும்மா நின்னா போதும்க்கா. நடுவர் பந்தை மேல போட்டாச்சுன்னா ஆட்டம் ஆரம்பிச்சதா கணக்கு. அப்புறம் நீங்க உக்காந்துக்கலாம், நாங்க நாலு பேரே ஆடிக்கறோம். தோத்தாப் பரவாயில்ல, அணி தப்பிச்சிடும்."

மாய்லிஸ் எழுந்தாள். அந்த இடத்திலேயே காலணிகளைக் கழற்றி, கால்சட்டையின் பொத்தானை அவிழ்த்தாள். கிராசியான் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆனால் பதற வேண்டியிருக்கவில்லை. கால்சட்டைக்கு உள்ளே ஆட்டத்துக்கான அரைக்கால் சட்டை தயாராக இருந்தது. பையிலிருந்து ஆட்டக் காலணிகள் வந்தன. முழங்காலுக்குப் பட்டை வந்தது.

"எத்தனை ஞாயித்துக்கிழமையா இதை உள்ள போட்டுட்டு வர்றே?" என்று கிராசியான் அங்கிருந்தே கத்தினான்.

"குளிருக்கு" என்றாள் மாய்லிஸ்.

நடுவர் சொலென், ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற பெண். முப்பது வயது. மாய்லிஸிடம்தான் கார் ஓட்டக் கற்றாள். நாற்பத்திரண்டு மணி நேரம் அந்த முழங்காலைக் கியர் என்று நம்பியவள். ஆட்டக்காரிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், மாய்லிஸ் எதிரில் நின்றாள்.

"மேடம், மோதிரம்."

"அது வராது, கண்ணு. பதினேழு வருஷமா வரல."

"நகை போட்டுக்கிட்டு ஆட முடியாது மேடம்."

"மேல பிளாஸ்டர் சுத்திக்கறேன்."

"சுத்தினாலும் கூடாது. அடுத்தவ விரல் மாட்டினா பிஞ்சிடும்."

"அடியே சொலென், ஒரே ஒரு நிமிஷம் நிக்கப் போறேன். இது ஒரு சின்ன ரூலு…"

சொலெனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. "சின்ன ரூல், பெரிய ரூல்னு ஒண்ணும் கிடையாதுன்னு நீங்கதான் மேடம் சொல்லிக் குடுத்தீங்க. மூணே முக்கால் வரைக்கும் காத்திருக்கலாம்னு ரூல் இருக்கு. காத்திருக்கேன்."

அரங்கமே மாய்லிஸைப் பார்த்தது. மாய்லிஸ் இடது கையை முன்னால் நீட்டினாள்.

கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்று. முதலில் கழிப்பறையிலிருந்து சோப்பு வந்தது. மோதிரம் சுழன்றதே ஒழிய நகரவில்லை. யாரோ நூலைச் சுற்றி இழுத்தால் வரும் என்றார்கள். இழுத்ததில் விரல் ஊதா நிறமானது. அப்போது லொரின்தான், "கொழுப்பு! வாத்துக் கொழுப்பு!" என்று கத்தினாள். இந்தப் பக்கத்து ஊர்களில் வெந்த புண்ணுக்கும், கிரீச்சிடும் கதவுக்கும், வறட்டு இருமலுக்கும் அதுதான் மருந்து. கிராசியான் வறுக்க வைத்திருந்த ஒரு கிலோ ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மாய்லிஸின் கையை மணிக்கட்டு வரை ஜாடிக்குள் முக்கி எடுத்து, நான்கு ஆட்டக்காரிகளும் ஒருத்தி மாற்றி ஒருத்தி இழுத்துப் பார்த்தார்கள், கடைசியில் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். மோதிரம் மூட்டு வரை வந்தது. அங்கே நின்றது. லொரின் பிடி வழுக்கி, நான்கு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். புஜாக் பக்கம் கை தட்டினார்கள்.

மூன்று முப்பத்தாறு.

"கிராசியான்" என்றாள் மாய்லிஸ். "உங்க ஸ்டேஷன்ல அந்தச் சின்ன ரம்பம் இருக்குல்ல?"

கிராசியான் ஊர்த் தீயணைப்புப் படையில் தன்னார்வலன். குளவி கொட்டி வீங்கிய விரல், கதவில் நசுங்கிய விரல் என்று நாற்பது மோதிரங்களாவது வெட்டியிருப்பான். நிலையம் இருநூறு மீட்டர். வறுக்கிற உடுப்போடு ஓடினான். ஓடும்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அந்த மோதிரத்தைத் தன் கையால் ஏற்றியவன் அவன். இரவில் தூக்கத்தில் அவள் கை புரண்டு வந்து விழும்போது கன்னத்தில் சில்லென்று படுவது அதுதான். ஆனால் ஓடாமல் இருக்கவும் முடியவில்லை.

திரும்பி வந்தபோது மூன்று நாற்பத்தொன்று. மூச்சு வாங்கியது. ரம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"ஒரு நிபந்தனை" என்றான். "பந்து மேல போகும். அப்புறம் முதல் விசில் அடிச்ச உடனே நீ வெளிய வந்துடறே. பன்னெண்டாம் தேதி ஆபரேஷன். அதுக்குள்ள இந்தக் கால் வேற எங்கயாவது மடங்கிச்சுன்னா நான் தூக்க முடியாது, மாய்லிஸ். என் உயரத்தைப் பாரு."

"வெட்டு."

"வர்றேன்னு சொல்லு."

"வர்றேன், வர்றேன். வெட்டுய்யா."

மோதிரத்துக்கு அடியில் தகட்டைச் செருகி, சின்னச் சக்கரத்தைச் சுழற்ற ஆரம்பித்தான். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். நாற்பது பேர் விரலில் அப்படி நிறுத்திப் பார்த்ததில்லை.

"பயப்படாதே. தப்பாப் போனாலும் ஒன்பது மிச்சம் இருக்கு" என்றாள் மாய்லிஸ்.

சொலென் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புஜாக்காரர்கள்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் டிக் என்று ஒரு சத்தம். கிராசியான் மோதிரத்தை விரித்துக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். விரலில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது. மாய்லிஸ் விரலை மடக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். பதினேழு வருஷம் கழித்து அந்த விரல் வெளியே வந்திருக்கிறது. அவள் அதைப் பார்க்கிற விதம் கிராசியானுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று நாற்பத்து நான்குக்கு ஐந்து பேர் களத்தில் நின்றார்கள். நடு வட்டத்தில் மாய்லிஸ். எதிரே புஜாக்கின் இருபத்திரண்டு வயது உயரக்காரி. பந்து மேலே போனது. உயரக்காரி அழகாக எம்பினாள். மாய்லிஸ் எம்பவில்லை, கையை மட்டும் தூக்கினாள். அதுவே போதுமாக இருந்தது.

கூச்சல் கூரையைப் பிய்த்தது. அணி பிழைத்தது. முழுகாமல் இருந்த மூன்று பேரும் வரிசையில் எழுந்து நின்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். மூன்று வயிறுகள் இடையில் இருந்ததால் அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஆனால் பந்துதான் யாரிடமும் நிற்கவில்லை. மாய்லிஸ் தட்டியது லொரின் கைக்கு வந்தது, அங்கிருந்து மீன் மாதிரி நழுவியது. அடுத்தவள் பிடித்தாள், நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு மேலே போனது. லார்போஸின் ஐந்து பேர் கையிலும் வாத்துக் கொழுப்பு. புஜாக்காரி ஒருத்தி பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள். கூடைக்கு அடியில் அவள் எம்ப, பந்து அவள் பின்னந்தலை வழியாக நடுவர் காலடியில் வந்து விழுந்தது. சொலென் அதைக் குனிந்து எடுத்தாள், தவறவிட்டாள், மறுபடி எடுத்தாள், முகர்ந்து பார்த்தாள். விசில் அடித்தாள்.

"பந்தை மாத்துங்க" என்றாள். "எல்லாரும் கையைத் துடைச்சிட்டு வாங்க."

அதுதான் விசில். கிராசியான் கோட்டோரத்தில் தயாராக நின்றிருந்தான். மாய்லிஸின் குளிர்ச்சட்டையை, குழந்தைக்குப் பிடிப்பதுபோல, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருந்தான். பக்கத்தில் அவளுக்காக ஒரு நாற்காலியும் போட்டிருந்தான். லொரின் தூரத்திலிருந்தே, "போதும்க்கா! ரொம்ப நன்றிக்கா! உக்காருங்க!" என்றாள்.

மாய்லிஸ் நொண்டிக்கொண்டே வந்தாள். சொன்ன வார்த்தைப்படி நேராக அவனிடம் வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, நெற்றி மயிரெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்து உள்ளேதான் இருந்தது என்று வாதாடியவளின் முகத்தை அவன் அங்கே மறுபடி பார்த்தான். சட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

மாய்லிஸ் சட்டையைப் பார்க்கவில்லை. அவன் தோளிலிருந்து துண்டை உருவினாள். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை, அப்புறம் கட்டைவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காக, பத்து விரலையும் பொறுமையாகத் துடைத்தாள். துண்டை மடித்து அவன் தோளில் திரும்பப் போட்டாள். பிறகு களத்துக்கு நடந்துபோய், புஜாக் உயரக்காரிக்கு முன்னால் பாதங்களை விரித்து ஊன்றினாள்.